ஏதுமில்லை

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்.
நூலக அறையில், கம்பி போட்ட சன்னல் ஓரம்
எனக்கொரு கணினி. இணையம் கிடையாது.
திரையில் ஒரு வாக்கியம் வரும்.
கீழே ஏழு பொத்தான்கள்:
மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம்,
அருவருப்பு, வியப்பு, ஏதுமில்லை.

யாரோ ஒரு கம்பெனியின் இயந்திரம்
பின்லாந்துக்காரர்களின் மனசைப் படிக்கக் கற்கிறதாம்.
எங்கள் பாஷை பேசுகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம்.
பேசிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்
அதிலும் கொஞ்சம்.
ஆகவே சிறை.

காவலர் ஹெல்லேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"இர்மெலி, உன்னிடமா அது பாடம் கேட்கிறது?
வேறு ஆளே கிடைக்கவில்லையா?"
நானும் சிரித்தேன்.
மகிழ்ச்சி என்று அழுத்த முடியாத சிரிப்பு.

முதல் வாரம் சுலபம்.
'நாசமாய்ப் போ.' கோபம்.
'பிறந்துவிட்டான், மூன்றரைக் கிலோ!' மகிழ்ச்சி.
பிறகு இது வந்தது:
'சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.'

இயந்திரம் தன் ஊகத்தை
ஓரத்தில் சாம்பல் எழுத்தில் காட்டும்.
ஏதுமில்லை, தொண்ணூற்றாறு சதவீதம்.
சரிதானே.
சாவி. தொட்டி. அடியில் வைத்தல்.
இதில் அழ என்ன இருக்கிறது?

என் தங்கை சைமி கடைசியாக அனுப்பிய குறுஞ்செய்தி
ஏறக்குறைய இதேதான்.
நான் வருவேன் என்று அவள் நம்பிய இரவு,
நான் போகாத இரவு.
எங்கே இருந்தேன் என்பது வழக்குக் கட்டில் இருக்கிறது,
இங்கே வேண்டாம்.
தொட்டியில் இருந்தது ஜெரேனியம்.
அக்டோபர் உறைபனியில் கறுத்துப்போயிருந்ததாகச் சொன்னார்கள்.

துக்கம் என்று அழுத்தினேன்.
'உறுதியா?' என்றது.
எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்கும்.

பிப்ரவரியில் புதிய பதிப்பு வந்தது.
ஒரு திங்கட்கிழமை, காபி நாற்றமடித்த காலையில்:
'உன் வாசல் வரைக்கும் பனியை ஒதுக்கிவிட்டேன்.'
ஏதுமில்லைக்கு மேல் என் விரல் போய்விட்டது.
ஓரத்தில் சாம்பல் எழுத்து சொன்னது
துக்கம், எழுபத்தொன்று.

விரலை எடுத்தேன்.
மறுபடி வாசித்தேன்.
உன் வாசல். ஏன் நம் வாசல் இல்லை?
ஒதுக்கியவன் அழைப்புமணியை அடித்தானா,
அடிக்காமலே மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு
இருட்டில் நடந்துவிட்டானா?
அட,
இதற்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை சவுனாவில், கல்லில் தண்ணீர் ஊற்றும்போது
கணக்குப் பிடிபட்டது.
சாவிக்கு நான் அழுத்தியது,
'படகைக் கவிழ்த்து வைத்தாயிற்று' என்பதற்கு நான் அழுத்தியது,
'காபி ஆறிவிட்டது' என்பதற்குப் பக்கத்து அறை ரீத்தா
அரை மணி நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு அழுத்தியது,
எல்லாவற்றையும் கூட்டி, பெருக்கி, கழித்து
எங்கள் நோவையே எங்களிடம் நீட்டுகிறது,
கடைக்காரன் மீதிச் சில்லறை தருவதுபோல.

அதற்கு வலிக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.
மின்சாரத்தை நிறுத்தினால்
ஒரு ஜெரேனியமும் அதன் கனவில் வராது.

ஆனால்
சைமியின் செய்தியைப் படித்த அந்த நொடியில்
எனக்கும் ஒன்றும் வலிக்கவில்லை.
'சரி' என்று பதில் போட்டேன்.
கட்டைவிரல் உயர்த்திய படமும் ஒன்று.
சதையும் ரத்தமுமாய்த்தான் இருந்தேன்,
அவளோடு ஒரே கட்டிலில் பதினோரு வருஷம் தூங்கியவள்,
என் ஓரத்திலும் சாம்பல் எழுத்தில்
ஏதுமில்லை, தொண்ணூற்றாறு.
வலிக்க எனக்குப் பதினாலு மாதம் பிடித்தது.

அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.
'பன்னிரண்டாம் எண் பேருந்து இன்றைக்கு ஓடாது.'
ஓரம் இன்னும் காலியாக இருக்கிறது.
நடைக்கூடத்தில் ஹெல்லேவியின் சாவிக்கொத்து
கிட்டே வருகிறது.
கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
முதலில் நீ சொல்.